மலை இறங்கி வாங்கும் மாத்திரை

ஐயா,

நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறோம். போன வருஷம் தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றான். மந்திரித்துப் பார்த்தோம், கேட்கவில்லை. சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நான்கு மாதமாக மாத்திரை. இப்போது பழம் பறிக்க வருகிறான், சிரிக்கிறான். "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு?" என்கிறார் அம்மா. மலை இறங்கினால் ஒரு நாள் கூலியும் போச்சு. நிறுத்திவிடலாமா?

ம., ஏற்காடு

அன்புள்ள ம.,

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் தம்பி நன்றாக இருக்கிறார்.

என் பெரியப்பாவுக்குச் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அவருக்கும் இதே நோய். குணமாகிவிட்டது என்று அவராகவே மாத்திரையை விட்டார். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. நாங்களும் "பார்த்தாயா" என்று சொல்லிக்கொண்டோம். மூன்றாவது மாதம் ஒரு நடுராத்திரி, பட்டறைக் கதவுக்கு அண்டக்கொடுத்த ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார், கையில் சுத்தியல். விட்ட மறுநாளே நோய் திரும்பினால் யாருக்கும் புரிந்துவிடும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வருவதால், மாத்திரையை விட்டதற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் முதலில் இழந்தது தூக்கத்தை. தம்பி ராத்திரி தூங்குகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையால் மந்தமாக இருக்கிறது, உடம்பு போடுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மாற்றவோ அவரால் முடியும். தாயத்து கையிலேயே இருக்கட்டும், அதனால் நஷ்டமில்லை. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப்போடுகிற இடத்துக்கு மட்டும் கூட்டிப்போக வேண்டாம். 2001இல் ஏர்வாடியில் அப்படியொரு காப்பகம் எரிந்து 28 பேர் செத்தார்கள்.

கூலி விஷயம் நிஜமான கஷ்டம். மனநலச் சிகிச்சை உரிமை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விழிப்புணர்வு பேனர் பிடிப்பவர்கள் ஒரு தரம் இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி ஏறிப் பார்க்கலாம். ஒரே தடவையில் கூடுதல் நாட்களுக்கு மாத்திரை தருவார்களா என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு மலைக்கு மேலே வருகிறதா, எந்தக் கிழமை என்றும் விசாரியுங்கள். இடையில் பயமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், காசில்லை, தமிழில் பேசலாம்.

அப்புறம், அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப்போங்கள். "இன்னும் எதுக்கு?" என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.