ஏபிஐ கேட்டார்கள், மகன் முழித்தான்: ஒரு தாயாருக்குப் பதில்

அம்மா, வேலை நேர்முகத்தில் ஏபிஐ பற்றிக் கேட்டபோது மகன் முழித்தான், கொழும்புக்கு அனுப்பி இன்னொரு வகுப்பில் சேர்க்கவா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சான்றிதழ் வகுப்புக்குக் காசு கட்ட முதல் இதை மகனுக்குக் காட்டுங்கள். கொழும்புக்கு அனுப்பவும் வேண்டாம். ஒரு மடிக்கணினியும் போன் டேட்டாவும் போதும்.

ஏபிஐ என்பது ஒரு சேர்வர் தன் தரவை மற்ற நிரல்களுக்குக் கொடுக்கும் வாசல். அங்கே கேட்டு வாங்கும் வேலையை எளிதாக்கித் தருவது கிளையன்ட் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பு. பழக ஓப்பன்-மீட்டியோ வானிலைச் சேவை நல்லது. வணிகம் சாராத பாவனைக்கு நாளுக்கு 10,000 அழைப்புக்குள் (ஒரு தடவை தரவு கேட்பது ஓர் அழைப்பு) இலவசம், கீ எனும் அனுமதிக் குறியீடும் தேவையில்லை. கிளிநொச்சிக்கு அகலாங்கு 9.39, நெட்டாங்கு 80.40 கொடுத்துக் காலபோக மழையை எடுக்கட்டும்.

முதலில் இந்த எண்களைச் சேர்த்த இணைய முகவரியை பிரவுசரில் திறந்து, ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் விடையைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகுதான் ஓப்பன்-மீட்டியோவுக்கான பைதன் மொழி லைப்ரரி. இந்த வரிசை மாறினால் பிழை எங்கே என்று பிடிபடாது.

அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த லைப்ரரி விடைகளைப் பெயரால் அல்ல, நாம் கேட்ட வரிசை எண்ணால் தருகிறது. முதலாவது 0, அடுத்தது 1. மழை, வெப்பம் என்று கேட்டுவிட்டு மாற்றி வாசித்தால் 31 பாகை வெப்பம் 31 மில்லிமீற்றர் மழையாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் பிரவுசரில் பார்த்த எண்ணோடு ஒப்பிடச் சொல்கிறேன்.

நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று கொடுக்காவிட்டால் கணக்கு கிறீன்விச் நேரத்தில் வரும். நமக்கு ஐந்தரை மணித்தியால வித்தியாசம். விடியப்புறம் 3 மணிக்குப் பெய்யும் மழை முதல்நாள் கணக்கில் விழும்.

சேர்வர் ஒவ்வொரு பதிலோடும் ஒரு நிலை எண் அனுப்பும். 400 வந்தால் கேட்ட விதம் பிழை, காரணத்தைப் பதிலிலேயே எழுதியிருப்பார்கள். திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. 429 என்றால் அளவுக்கு மிஞ்சிக் கேட்டாயிற்று, பொறுக்க வேண்டும். 500 அல்லது அதற்கு மேல் என்றால் சேர்வரில் கோளாறு. இடைவெளியைக் கூட்டிக் கூட்டி ஐந்து தடவை முயலலாம். விடையை 3600 செக்கன் சேமித்து வைத்தால் டேட்டாவும் மிஞ்சும்.

வேறு சேவையில் கீ தந்தால் அதை நிரலுக்குள் எழுதி கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் ஏற்றக் கூடாது. ஏற்றிவிட்டால் அழித்தாலும் பழைய பதிவில் இருக்கும். அந்தக் கீயை ரத்துச் செய்து புதிது எடுக்க வேண்டும்.

அடுத்த நேர்முகத்தில் இணையத்தைத் துண்டித்துவிட்டு இதை ஓட்டிக் காட்டட்டும். நிரல் விழாமல், சேமித்து வைத்த விடையைக் காட்டி, "இது 9.10க்கு எடுத்த தரவு" என்று திரையில் சொல்ல வேண்டும்.