பல் சீலன்டுக்கு 3,200 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. சொத்தை எதுவும் இல்லை, ஆனாலும் நான்கு கடைவாய்ப் பற்களுக்கும் சீலன்ட் போட்டுவிடுங்கள் என்கிறார் பல் டாக்டர். ஒரு பல்லுக்கு 800 ரூபாய், மொத்தம் 3,200. விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கணவர் கேட்கிறார். மருத்துவக் காப்பீட்டிலும் கிடையாதாம். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அது விழப்போகிற பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி, பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைப்பவை இந்த நான்கும். எதுவும் விழவில்லையே என்று நிறைய வீடுகளில் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சொத்தை விழுந்த பிறகும் 'விழுந்து முளைச்சிடும்' என்று காத்திருந்து, பத்து வயதில் குழந்தையை வேர் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும்போது பார்க்கவே மனசு கேட்காது. இது போனால் அந்த இடத்தில் வேறு பல் வராது.

சீலன்ட் என்பது அந்தப் பல்லின் மேலே இருக்கும் பள்ளங்களை மூடும் பூச்சு. பிரஷ் நுனிகூட நுழையாத அளவுக்குக் குறுகலான பள்ளங்கள் அவை, சொத்தை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஊசி கிடையாது, துளைப்பதும் கிடையாது. பல்லைச் சுத்தம் செய்து, காயவைத்து, பூசி, நீல விளக்கு காட்டுவார்கள், சில நிமிட வேலை. கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் 80 சதவீதத்தை இரண்டு வருடத்துக்குத் தடுக்கும் என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இது காக்காது, அதனால் ராத்திரி பல் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

சரி, பணம். நம் ஊர் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கொடுக்கும், பல் வைத்தியம் அதில் வராது. உங்கள் கணவரின் கம்பெனி எடுத்திருக்கும் பாலிசியில் வெளிநோயாளி செலவு, அதாவது ஓ.பி.டி., சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கே பல் பிரிவில் விசாரியுங்கள். புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. நேரம் கூடப் பிடிக்கும், வேலையில் குறை இருக்காது.

அதெல்லாம் அலைச்சல், இதே டாக்டரிடம்தான் போட வேண்டும் என்றால் கடன் வாங்கி நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. முழுதாக முளைத்து, பள்ளம் ஆழமாக இருக்கிற இரண்டை இப்போது போடுங்கள், மற்ற இரண்டை அடுத்த மாதம். அதற்காக அடுத்த வருடம் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள், பல் முளைத்த முதல் சில வருடங்களில்தான் சொத்தைக்குச் சுலபமாக இடம் கொடுக்கும். போடுவதற்கு முன்பே, 800 ரூபாயில் கன்சல்டிங் சேர்ந்ததா, ஒரு வருடத்துக்குள் பெயர்ந்தால் இலவசமாகத் திரும்பப் போடுவாரா என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 வயதை ஒட்டி இன்னும் நான்கு கடைவாய்ப் பற்கள் பின்னால் வரும், அவற்றுக்கும் இதே செலவு உண்டு.