வீட்டிலிருந்து உயர்தரச் சாப்பாடு: வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே சின்ன அளவில் உயர்தரச் சாப்பாடு செய்து வாசலுக்கு அனுப்பும் தொழில் பற்றி நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சமையல் குறிப்பு கேட்ட கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். கைப்பக்குவம் இருப்பவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறீர்கள். உங்கள் சமையலறையில் இல்லாமல் இருப்பது தராசும் வெப்பமானியும்தான். இந்த இரண்டையும் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு சாப்பாட்டுக்கு என்ன விலை வைப்பது? மற்றவர்கள் விற்கும் விலையைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: மற்றவர் விலையில் இருப்பது அவருடைய செலவு. உங்கள் செலவு என்ன என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு தட்டுக்குப் போகும் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு எழுதுங்கள், மேலே தூவும் இலை வரைக்கும். வாங்கிய எடை வேறு, தட்டுக்கு வரும் எடை வேறு. எலும்போடு வாங்கிய ஒரு கிலோ இறைச்சி, கழித்து, வெந்து முடியும்போது அரைக் கிலோ மிஞ்சினால் அதிகம். அந்த அரைக் கிலோவுக்குத்தான் முழு விலையும் கொடுத்திருக்கிறீர்கள்.

பொருள் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பொருளுக்கு 100 ஆனால் விலை 300க்குக் குறையக் கூடாது. மீதி 200ம் லாபம் இல்லை. பெட்டி, பை, எரிவாயு, மின்சாரம், டெலிவரி, வீணாகிறது, வரி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அப்புறம் உங்கள் கூலி. ‘நான்தானே செய்கிறேன், எனக்கெதற்குக் கூலி’ என்று கணக்கில் எழுதாமல் விடுகிறீர்கள். ஆள் வைக்க வேண்டிய நாள் வரும்போது அந்த விலையில் ஆளுக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. சாமான் வாங்கப் போன நேரம், நறுக்கிய நேரம், பாத்திரம் கழுவிய நேரம் எல்லாவற்றையும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

கேள்வி: மெனுவில் 25 அயிட்டம் போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்: இருபதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பொரித்த அயிட்டங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதற்குள் நமத்துப் போகின்றன. மாவில் என்ன சேர்த்தால் மொறுமொறுப்பு நிற்கும்?

பதில்: மாவைக் குறை சொல்லாதீர்கள். பொரித்ததைச் சுடச்சுடப் பெட்டியில் போட்டு மூடியை அழுத்தி விடுகிறீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வந்து, மூடியில் பட்டுத் தண்ணீராகி, அதே பண்டத்தின் மேல் சொட்டுகிறது. பொரித்ததும் காகிதத்தின் மேல் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்புங்கள். அடிப்பக்கமும் காற்றாட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, ஓட்டை உள்ள அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். சாஸ் தனிக் கிண்ணத்தில் போகட்டும்.

எந்தப் பண்டமாக இருந்தாலும் மெனுவில் சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விற்கிற மாதிரியே பேக் செய்து, 40 நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கப்புறம் திறந்து சாப்பிடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியதும் ருசி பார்த்து முடிவெடுப்பது ஓட்டல்காரர்களுக்குச் சரி. உங்கள் வாடிக்கையாளர் சாப்பிடுவது 40 நிமிடம் ஆன சாப்பாட்டைத்தான்.

கேள்வி: எந்தப் பெட்டி நல்லது?

பதில்: எதற்கு? சூப்புக்கா, சாலடுக்கா, சூடாக அனுப்பவா, குளிரவைத்து அனுப்பவா? ஒரு வரிக் கடிதத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்? பொதுவாகச் சொல்கிறேன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிப்ரோப்பிலீன் கொதிக்கிற சூட்டைத் தாங்கும். 1 என்று போட்ட பளிங்கு மாதிரிப் பெட்டி 70 டிகிரியை ஒட்டியே நெளியத் தொடங்கும், சாலடுக்கும் குளிர்ந்த இனிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பான எதையும் அலுமினியப் பெட்டியில் நேரம் கழிய வைக்காதீர்கள்.

கேள்வி: சமைத்த சாதத்தையும் கிரேவியையும் இரவே செய்து, மூடி வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்து அனுப்புகிறேன். மூன்று மாதமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் என் தங்கை இது தப்பு என்கிறாள். ஊசிப் போயிருந்தால் வாசனையில் தெரியாதா?

பதில்: தெரியாது அம்மா. உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருப்பேனோ! இன்னொரு முறையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் ஆளைப் படுக்கவைக்கும் தப்புகளில் முதலாவது இதுதான்.

வாசனையை மாற்றும் கிருமி வேறு, வயிற்றைக் கெடுக்கும் கிருமி வேறு. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற ஒன்று வித்து வடிவில் ஒட்டிக்கொண்டு வருகிறது. சாதம் கொதித்தாலும் அந்த வித்து சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சை 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. அப்படியிருக்க, மறுநாள் நீங்கள் கொதிக்க வைத்து என்ன பயன்? கிருமி செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும். சாதம் மணமாகவே இருக்கும்.

இறைச்சி கிரேவியில் இருப்பது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். இரவு முழுக்க என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், 40 பேருக்கான இறைச்சி கிரேவியை இரவு பத்து மணிக்கு இறக்கி, அந்தப் பெரிய பாத்திரத்திலேயே மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்குத் திறந்தால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. பாத்திரத்தின் விளிம்பு சில்லென்று இருந்தது. ஆறிவிட்டது என்று கரண்டியை நடுவில் விட்டுக் கிளறினேன், காம்பு வரை வெதுவெதுப்பாக ஏறியது. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்: 41. எட்டு மணி நேரம் கழித்து 41! முகர்ந்து பார்த்தேன், ருசியான மணம். மொத்தத்தையும் கொட்டினேன். 40 பேருக்கும் போன் செய்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பணத்தைப் பிறகு சம்பாதித்துவிட்டேன். அன்றைக்கு வெப்பமானி கையில் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கிரேவி 40 வீட்டுக்குப் போயிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் உணவு கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் 60லிருந்து 21க்கு வர வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5க்கு வர வேண்டும். முதல் கட்டம்தான் ஆபத்தானது, அதனால்தான் அதற்கு நேரம் குறைவு. பெரிய பாத்திரத்தில் இது நடக்கவே நடக்காது. கெட்டியான கிரேவியின் ஆழம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அகலமான தட்டுகளில் நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, பனிக்கட்டித் தண்ணீரில் அந்தத் தட்டுகளை வைத்து, அவ்வப்போது கிளறுங்கள். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். சூடான பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினால் நடுப்பகுதி ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் இறைச்சியும் சூடேறும். திரும்பச் சூடாக்கும்போது நடுப்பகுதி 75ஐத் தொட வேண்டும், ஒரே ஒரு தடவைதான் சூடாக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன பண்டம், எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி. விண்வெளி வீரர்களுக்கு அனுப்பும் சாப்பாட்டில் தவறு நடக்கக் கூடாது என்று 1960களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கின. ஹாசப் என்று இன்று எல்லா உணவுக் கூடங்களிலும் சொல்வது அதைத்தான். செய்து முடித்த பண்டத்தைச் சோதிப்பதற்குப் பதிலாக, எந்தக் கட்டத்தில் தவறு வரும் என்று முன்பே கண்டுபிடித்து அங்கே அளந்து எழுதுவதுதான் அதன் சாரம். உங்கள் நோட்டும் அதே வேலையைத்தான் செய்யப்போகிறது.

‘மூன்று மாதமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்கிறீர்கள். வயிறு கெட்டவர்கள் எல்லோரும் உங்களுக்குப் போன் செய்து சொல்வதில்லை. அடுத்த வாரம் ஆர்டர் தராமல் விட்டுவிடுவார்கள்.

கேள்வி: சமைத்த உணவை வாக்குவம் பேக் செய்து ஒரு வாரம் வைத்து விற்கலாமா? கூடவே பூண்டு ஊறிய எண்ணெயும் பாட்டிலில் போட்டு விற்க ஆசை.

பதில்: இரண்டும் வேண்டாம். காற்றை எடுத்துவிட்டால் கெடாது என்று நினைக்கிறீர்கள். பாட்யூலினம் கிருமிக்குக் காற்று இல்லாத இடம்தான் பிடிக்கும், அதில் சில வகைகள் குளிர்பெட்டியிலும் மெல்ல வளரும். பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து வைப்பதும் அதே கதை. அந்த நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடியது. முறையான பயிற்சியும், பரிசோதனைக்கூடத்தில் சோதித்த செய்முறையும் கையில் வரும் வரை அந்த இயந்திரத்தைச் சமைத்த உணவின் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: நான்கு பேருக்குச் செய்தால் அருமையாக வருகிறது. 40 பேருக்கு எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிச் செய்தேன், நீர்த்துப் போய், உப்பும் கரித்தது. ஏன்?

பதில்: தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. பத்து மடங்கு கிரேவிக்குப் பத்து மடங்கு அகலமான பாத்திரம் உங்களிடம் இல்லை. அதனால் தண்ணீரை ஏழு மடங்கில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் சேர்க்கலாம். உப்பு கரித்ததற்குக் காரணம், நீர்த்துப் போனதைச் சரிக்கட்டக் கடைசியில் வற்ற வைத்திருப்பீர்கள். உப்பை மொத்த எடையில் சதவீதமாகப் போடுங்கள், ஒரு சதவீதத்தில் ஆரம்பிக்கலாம். கைப்பிடி, சிட்டிகை என்பதெல்லாம் நான்கு பேருக்கு. தராசு வாங்குங்கள்.

இறைச்சியையும் ஒரே தடவையில் கொட்டியிருப்பீர்கள். சட்டியின் சூடு இறங்கி, இறைச்சியிலிருந்து நீர் விட்டு, வறுபடாமல் வெந்திருக்கும். பொன்னிறமும் மணமும் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும், தண்ணீர் தேங்கிய சட்டியில் அது 100ஐத் தாண்டாது. நாலைந்து ஈடாக வறுத்து எடுங்கள்.

கேள்வி: ஒரு வாடிக்கையாளர் ‘கொட்டை வகை ஒத்துக்கொள்ளாது’ என்று எழுதியிருந்தார். அதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். சரிதானே?

பதில்: அரைகுறை. அதே கரண்டி, அதே எண்ணெய், அதே பலகை என்றால் எடுத்தும் பயனில்லை. பால், முட்டை, மீன், இறால் நண்டு, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், கோதுமை, சோயா, எள் இவற்றில் எது எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்று மெனுவிலேயே போடுங்கள். கடையில் வாங்கும் சாஸ் பாட்டிலின் பின்பக்கத்தையும் படியுங்கள். ‘எங்கள் சமையலறையில் இவையெல்லாம் கையாளப்படுகின்றன, சுவடுகூட இல்லை என்று உறுதி சொல்ல முடியாது’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆர்டர் ஒன்று போனால் போகட்டும்.

கேள்வி: உரிமம் எடுக்காமல் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கலாமா?

பதில்: கூடாது. காசு வாங்கிவிட்டால் அது விற்பனை. வீட்டுச் சமையலறைக்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் பகுதி உணவுத் துறையில் முதலில் போய்க் கேளுங்கள். அப்புறம் சட்டி வாங்கலாம்.

கேள்வி: டெலிவரி செயலியில் சேரட்டுமா, நானே கொண்டு போய்க் கொடுக்கட்டுமா? கல்லூரி முடித்த கையோடு தனியாகத் தொடங்கியிருக்கிறேன்.

பதில்: தம்பி, செயலிகள் விற்பனைத் தொகையில் கால் பங்கை ஒட்டி எடுத்துக்கொள்ளும். பொருள் செலவு மூன்றில் ஒரு பங்கு, செயலிக்குக் கால் பங்கு போனால் பெட்டிக்கும் எரிவாயுவுக்கும் வரிக்கும் உனக்கும் சேர்த்து மிஞ்சுவது பத்தில் நான்கு. தொடக்கத்தில் அரை மணி நேரத்தில் போய்வரக் கூடிய வட்டத்தை வரைந்துகொண்டு, முதல் நாளே ஆர்டர் வாங்கி, மறுநாள் ஒரே சுற்றில் கொடுத்துவிட்டு வா. எத்தனை பேருக்கு என்று முன்னாலேயே தெரிந்தால் வீணாவது பாதியாகும். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் உன் கையிலேயே இருக்கும். வட்டத்துக்கு வெளியே இருந்து கேட்பவர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடு.

கேள்வி: ஆர்டர் கொடுத்துவிட்டு, சமைத்து முடித்த பிறகு வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: முழுத் தொகையும் முன்பணம். முதல் நாள் மாலைக்குப் பிறகு ரத்து இல்லை.

கேள்வி: புதிதாக வெப்பமானி வாங்கினேன். சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குளிர்பெட்டியில் எதை எங்கே வைப்பது?

பதில்: இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய பனிக்கட்டி போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பி அடியிலும் பக்கத்திலும் படாமல் நடுவில் நிற்கட்டும். அரை நிமிடத்தில் 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் குறித்துக்கொண்டு கழித்துப் பாருங்கள், அதற்கு மேல் போனால் மாற்றுங்கள். வாரம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். குளிர்பெட்டியில் சமைத்தது மேல் தட்டில், பச்சை இறைச்சி எல்லாவற்றுக்கும் கீழே, விளிம்பு உயர்ந்த தட்டில். ஒழுகினால் அந்தத் தட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும்.