பென்ஷனையும் சேர்த்து எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 49. வரும் மார்ச் மாதத்தோடு எங்கள் கிளையை மூடுகிறார்கள். முதல் நிறுவனத்தில் 9 ஆண்டு 2 மாதம், இப்போதைய நிறுவனத்தில் 9 ஆண்டு 10 மாதம் என்று என் பணிக்காலம் முடிகிறது. அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபாய். இரண்டு பி.எஃப். கணக்குகளிலும் சேர்த்து ஏறக்குறைய 22 லட்சம் ரூபாய் இருக்கிறது. பழைய கணக்கை நான் மாற்றவே இல்லை. இனி யாரிடமும் வேலைக்குப் போகாமல், சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தரும் அலுவலகம் ஒன்றைத் தொடங்க நினைக்கிறேன். "இரண்டு இடத்திலும் பத்து வருடம் முடியவில்லை, எனவே பென்ஷன் பணத்தையும் சேர்த்து மொத்தமாக எடுத்துவிடலாம், எட்டு சதவிகிதம் கமிஷன்" என்கிறார் ஒரு கன்சல்டன்ட். அதை எடுத்து வீட்டுக் கடனில் பாதியை அடைத்துவிட்டு மீதியைத் தொழிலில் போடலாமா?

பதில்: கமிஷனில் இருந்தே தொடங்குகிறேன். 22 லட்சத்துக்கு எட்டு சதவிகிதம் என்றால் 1 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய். உங்கள் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவைக்க, கட்டணமே இல்லாத ஒரு விண்ணப்பத்தை உங்கள் ஆதாருக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து நிரப்புவதற்கு அவர் கேட்கும் கூலி இது. வருங்கால வைப்பு நிதி அலுவலகம் இதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனால் கமிஷனைவிடப் பெரிய நஷ்டம் அவர் சொல்லும் வழியிலேயே இருக்கிறது என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் நிறுவனம் மாதந்தோறும் செலுத்தும் 12 சதவிகிதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதில் 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்புக்கு 8.33 சதவிகிதம், அதாவது 1,250 ரூபாய், 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. பி.எஃப். தொகையை மொத்தமாக எடுக்கலாம். ஓய்வூதியப் பகுதியை அப்படி எடுக்க முடியுமா என்பது பத்து ஆண்டுகள் முடிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. முடிந்துவிட்டால் ரொக்கம் கிடையாது; 58 வயதில் மாத ஓய்வூதியம்தான். 50 வயதிலிருந்தே கேட்டு வாங்கலாம் என்றாலும் 58-க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவிகிதம் குறையும், அந்தக் குறைவு ஆயுளுக்கும் நீடிக்கும். எட்டு ஆண்டு முன்னதாக வாங்குகிறவர் கால் பங்குக்கும் மேல் இழக்கிறார்.

இந்தப் பத்து ஆண்டைக் கணக்கிடுவதில்தான் உங்கள் கன்சல்டன்ட் விளையாடுகிறார். பத்து ஆண்டு என்பது ஒரே நிறுவனத்தில் முடிக்க வேண்டிய பத்து ஆண்டு அல்ல. நீங்கள் வேலை பார்த்த எல்லா இடங்களையும் கூட்டி வரும் ஆண்டுகள். உங்களுக்கு அது 19. சரி, கூட்டாமல் தனித்தனியாகவே பார்ப்போம் என்றாலும் அவர் சொல்வது தவறு, ஏனென்றால் ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள பின்னத்தை இந்தத் திட்டம் முழு ஆண்டாக எடுத்துக்கொள்கிறது. 9 ஆண்டு 5 மாதம் வேலை செய்தவருக்கு அது ஒன்பது ஆண்டு. 9 ஆண்டு 6 மாதம் செய்தவருக்குப் பத்து ஆண்டு. எனவே இப்போதைய நிறுவனத்தில் உங்களுடைய 9 ஆண்டு 10 மாதம் என்பது சட்டத்தின் கண்ணில் பத்து ஆண்டு. அதை ரொக்கமாகக் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். முதல் நிறுவனத்தின் 9 ஆண்டு 2 மாதம் மட்டும், பழைய கணக்கு தனியாகக் கிடக்கும் வரையில், ஒன்பது ஆண்டாகத் தெரியும். நீங்கள் கணக்கை மாற்றாமல் விட்டதுதான் இங்கே அவருடைய மூலதனம். அந்த ஒன்பது ஆண்டை ரொக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டு "பாதி முடிந்தது" என்று கமிஷனை வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை எடுத்துவிட்ட பணிக்காலம் திரும்ப வராது.

என்ன இழப்பீர்கள் என்பதைத் தோராயமாகச் சொல்கிறேன். ஓய்வூதியம் என்பது ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 2014 செப்டம்பருக்கு முந்தைய காலத்துக்கு 6,500 ரூபாயும் பிந்தைய காலத்துக்கு 15,000 ரூபாயும் அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு. அப்படிப் பார்த்தால் 19 ஆண்டுக்கும் சேர்த்து 58 வயதில் மாதம் சுமார் 3,100 ரூபாய் வரும். முதல் ஒன்பது ஆண்டை அழித்துவிட்டால் 2,150 ரூபாய் அளவில் நிற்கும். இரண்டுமே பெரிய தொகை அல்ல, அதை மறைக்கவில்லை. இந்த உச்சவரம்பு 2014-க்குப் பிறகு உயர்த்தப்படாமல் அப்படியே கிடப்பது யாருடைய அலட்சியம் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீங்கள் 58-க்கு முன் இறந்துபோனாலும் உங்கள் மனைவிக்கு ஓய்வூதியம் போய்ச் சேரும். அதற்கு நிகரான ஏற்பாட்டை வெளியே விலைக்கு வாங்கிப் பாருங்கள், அப்போது இதன் மதிப்பு தெரியும். இன்னும் ஓராண்டு எங்கேயாவது பி.எஃப். உள்ள வேலை பார்த்து மொத்தம் இருபது ஆண்டை எட்டினால், 58-இல் ஓய்வூதியம் வாங்கும்போது இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் வேலை, பழைய கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றுவது. இரண்டு யூ.ஏ.என். எண்கள் (பி.எஃப். உறுப்பினருக்கான பொது அடையாள எண்) இருந்தால் பழையதில் உள்ளதைப் புதியதற்கு மாற்றக் கேட்க வேண்டும். இதை மார்ச்சுக்கு முன்பே செய்யுங்கள். கிளை மூடிய பிறகு மனிதவளப் பிரிவில் உங்கள் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. அதே நேரத்தில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து ஓய்வூதியத்துக்கான பத்தியைப் பாருங்கள். இப்போதைய நிறுவனம் மாதம் 1,250 ரூபாய் அதில் செலுத்தியிருக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்து 15,000-க்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது என்பதால், சில நிறுவனங்கள் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரையும் புதியவர் என்று கருதி அந்தப் பத்தியில் பூஜ்யம் போட்டுவிடும். பூஜ்யம் இருந்தால் அதைத் திருத்த வேண்டியது நிறுவனம், நீங்கள் அல்ல. ஆனால் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

மாற்றம் நிராகரிக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் உங்கள் இன்ஷியலாகவே இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்து ஆதாரில் முன்னால், பி.எஃப். கணக்கில் பின்னால், பான் அட்டையில் தந்தையின் முழுப் பெயர் என்று மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் பிறந்த யாருக்கும் நடப்பதுதான். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத ஒரு கோடிக்கணக்கான மக்கள்கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதை இந்தக் கணினி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. காசோலையின் படம் தெளிவாக இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தையே 2025 ஏப்ரலில்தான் கைவிட்டார்கள். இடைத்தரகர்கள் பிழைப்பது இந்த எரிச்சலை வைத்துத்தான். பெயர்த் திருத்தத்துக்கு நீங்களும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி போதும். அதற்கும் பதில் வராவிட்டால், மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடக்கும் பி.எஃப். குறைதீர் முகாமுக்குக் காகிதங்களோடு நேரில் போங்கள். ஓ.டி.பி.யை மட்டும் எவரிடமும் சொல்ல வேண்டாம். அதைக் கொடுத்த பிறகு எந்த விண்ணப்பம் உங்கள் பெயரில் போகிறது என்பது உங்களுக்கே தெரியாது.

இனி அந்த 22 லட்சம். "மூன்று வருடம் பணம் போடாவிட்டால் வட்டி நின்றுவிடும்" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 2011 முதல் 2016 வரை அப்படி ஒரு விதி இருந்தது. இப்போது உங்களைப் போல 55-க்கு முன் விலகுகிறவருக்கு 58 வயது வரை வட்டி தொடர்கிறது. 2024-25 நிதியாண்டுக்கான வட்டி 8.25 சதவிகிதம். அந்த விகிதம் நீடித்தால் ஒன்பது ஆண்டில் 22 லட்சம் இரு மடங்காகிவிடும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும், தொடங்காத ஒரு அலுவலகத்தின் லாபத்தைவிட இது நிச்சயமானது.

எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், வேலை போன பிறகு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதில் மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு, முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், மீதிக் கால் பங்குக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அதுவரை இருந்தது இரண்டு மாதம். விண்ணப்பிக்கும் நாளன்று நடைமுறையில் உள்ளதை அதிகாரபூர்வ இணையதளத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடன் வட்டியும் பி.எஃப். வட்டியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது, ஒன்றை அழித்து இன்னொன்றை அடைப்பதில் லாபம் இல்லை. வருமானம் நிற்கப்போகிறவர் கையிருப்பைக் கடனில் கொட்டிவிட்டால், அடுத்த ஆண்டு அதே வங்கி இவருக்குப் புதிதாகக் கடன் தராது.

தொழிலுக்கு வேறு பணம் இருக்கிறது. உங்கள் இப்போதைய நிறுவனம் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தர வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கிப் பத்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 2 லட்சத்து 42 ஆயிரம் ரூபாய் வரும். முப்பது நாளுக்குள் தர வேண்டிய தொகை அது. கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு ஒரு கணினியும் நான்கு வாடிக்கையாளர்களும் போதும். அந்த நான்கு பேரையும் மார்ச்சுக்குள் பேசி வைத்துவிட்டால் பணிக்கொடைக்குள் தொடங்கிவிடலாம். முன்பணம் கொடுத்து அலுவலகம் பிடிப்பது பிறகு.

கடைசி வேலைநாளன்று நிறுவனத்திடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பணிக்கொடைக் கணக்குத் தாள், பணியிலிருந்து விடுவித்த கடிதம், பி.எஃப். தளத்தில் நீங்கள் விலகிய தேதி பதிவாகிவிட்டது என்பதற்கான உறுதி. தேதியை அவர்கள் பதியாமல் விட்டுவிட்டால், கடைசிச் சந்தா போன இரண்டு மாதத்துக்குப் பிறகு உங்கள் உறுப்பினர் பக்கத்தில் நீங்களே பதியலாம். அப்போதும் ஓ.டி.பி. வரும், நீங்களே பதியுங்கள்.