மாதவிடாய் நாட்களில் நிலவாகைத் தேநீர் குடிக்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "எனக்கு வயது 27. மாதவிடாய்க்கு நான்கைந்து நாட்களுக்கு முன்பே மலச்சிக்கல் தொடங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நிலவாகைத் தேநீரை இரவில் குடிப்பேன். சென்ற மாதம் அப்படிக் குடித்த மறுநாள் காலையிலேயே மாதவிடாய் வந்துவிட்டது. தாங்க முடியாத வயிற்று வலியோடு நான்கு முறை பேதியும் ஆயிற்று. இந்தத் தேநீர் கருப்பையைக் கெடுத்துவிடும் என்கிறார் என் அத்தை. இனி இதைக் குடிக்கலாமா?"

கருப்பை கெட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம். நிலவாகையை அளவோடு எப்போதாவது குடிப்பதால் கருப்பைக்கு நிலையான பாதிப்பு ஏற்படும் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் உங்கள் அத்தை சொன்னதை முற்றிலும் ஒதுக்கிவிடவும் கூடாது. மாதவிடாயின் முதல் இரண்டு நாட்களில் இந்தத் தேநீரைத் தவிர்ப்பதே நல்லது என்பதுதான் என் கருத்தும்.

மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் புரோஜெஸ்டிரான் என்ற இயக்குநீர் (ஹார்மோன்) உடலில் மிகுந்திருப்பதால் குடலின் அசைவு மந்தமாகிறது. உங்களுக்கு மலச்சிக்கல் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உதிரப்போக்கு தொடங்கும் வேளையில் இந்த இயக்குநீர் குறைந்து, கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருட்கள் சுரக்கின்றன. கருப்பையைச் சுருங்கச் செய்து வலியை உண்டாக்கும் அதே பொருட்கள் அருகிலுள்ள குடலையும் சுருங்கச் செய்வதால், எந்த மருந்தும் எடுக்காமலேயே பல பெண்களுக்கு முதல் நாளில் மலம் இளகிப் போகிறது. நிலவாகையில் உள்ள செனோசைடு என்ற பொருளோ பெருங்குடலைச் சென்றடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் மாற்றம் பெற்ற பின்னரே குடலைத் தூண்டுகிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் நீங்கள் குடித்த தேநீரும் உடல் தானாகத் தொடங்கிய இளக்கமும் ஒரே காலை வேளையில் சேர்ந்துகொண்டதால்தான் அன்று அவ்வளவு துன்பப்பட்டிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். மாதவிடாய் இன்றோ நாளையோ வந்துவிடும் என்று தோன்றினால், தேநீரைத் தொடாமல் ஒரு நாள் பொறுத்திருங்கள். சிக்கல் தானாகவே தீர்ந்துவிடக் கூடும்.

மற்ற நாட்களில் குடிப்பதாயினும் அளவு முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் செனோசைடு போதுமானது. ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவ ஆலோசனையின்றித் தொடரக் கூடாது. மாத்திரையில் இந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். தேநீரிலோ எவ்வளவு இலை போட்டோம், எவ்வளவு நேரம் ஊறவிட்டோம் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். உடல் இளைக்கவும் நச்சு நீக்கவும் என்று விற்கப்படும் தேநீர்ப் பொட்டலங்கள் பலவற்றிலும் இதே இலை இருப்பதால், உறையில் நிலாவாரை, சென்னா என்ற அதன் வேறு பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். கற்றாழைப் பாலைக் காய்ச்சி எடுக்கும் மூசாம்பரமும் விளக்கெண்ணெயும் இந்நாட்களுக்கு இன்னும் ஒவ்வாதவை. விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலை மட்டுமன்றிக் கருப்பைத் தசையையும் தூண்டவல்லது.

மாதவிடாய் வலிக்கு நம் ஊரில் பரவலாக வாங்கப்படும் மெஃபனமிக் அமில மாத்திரையே சிலருக்குப் பேதியை உண்டாக்கும் என்பதால், அதையும் இந்தத் தேநீரையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களுக்குக் கடும் பேதி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அம்மாத்திரை உடலில் சேராமல் போய்ப் பாதுகாப்புக் குறையலாம். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது "பேதிக்குக் குடித்தால் வந்துவிடும்" என்ற நம்பிக்கையில் எந்த மூலிகையையும் குடிக்காதீர்கள். முதலில் கருவுற்றிருக்கிறீர்களா என்று சோதித்துப் பாருங்கள்.

உங்களுக்குச் சிக்கல் வரும் நாட்கள் முன்கூட்டியே தெரிவதால், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் ஒரு தேக்கரண்டி இசப்கோலை ஒரு முழுக் குவளை நீரில் கலந்து குடியுங்கள். கொய்யாப்பழம், கீரை, ஊறவைத்த உலர் திராட்சை ஆகியவற்றையும் உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மலச்சிக்கலுக்கு அதுவும் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இசப்கோலுக்கும் அந்த மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதே கடுமையான வலி வந்தாலோ மலத்தோடு இரத்தம் வந்தாலோ, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்ற காரணம் உள்ளதா என்று மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தேநீரைக் குடித்துக்கொண்டு அதைத் தள்ளிப்போட வேண்டாம்.