பச்சிமோத்தாசனத்தில் கீழ்முதுகு வலி: பாலக்கோட்டு நண்பருக்கு

வணக்கம். பாலக்கோடு தக்காளி மண்டியில் நாள் முழுவதும் நின்று வேலை செய்வதாகவும், ஆசிரியர் இல்லாமல் காணொளி பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தாசனம் பழகிய மூன்றே வாரத்தில் கீழ்முதுகு வலிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நானும் கிருஷ்ணகிரியில் தனியாகவே பழகத் தொடங்கியவன் என்பதால் உங்கள் தவிப்பு நன்றாகப் புரிகிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தொடையின் பின்தசை இறுகியிருப்பதே காரணமாகத் தோன்றுகிறது. அத்தசை இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை செல்வதால், காலை விறைப்பாக நீட்டிக் குனியும்போது இடுப்பெலும்பை முன்னே சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நெற்றி முழங்காலைத் தொட்டே ஆகவேண்டும் என்று முயலும்போது கீழ்முதுகு கூன்போட்டு முழுச் சுமையையும் தாங்குகிறது.

வலி நன்றாகத் தணிந்த பிறகு, ஜமக்காளத்தைத் தடிமனாக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு துண்டைப் பாதங்களில் மாட்டி இரு கைகளாலும் பிடித்து, முதுகு நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் முன்னே சாய்ந்து, ஐந்து மூச்சு அப்படியே இருங்கள். முதல் மாதம் என் கை கணுக்காலைக்கூட எட்டவில்லை. அதில் குறையொன்றும் இல்லை. கைப்பேசியைப் பக்கவாட்டுச் சுவரில் சாய்த்துப் பதிவுசெய்து பார்த்தால், கூன் விழும் கணம் தெளிவாகத் தெரியும்.

தோள்களில் உடலைத் தாங்கிக் கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தையும், தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தையும் நேரில் ஒருவர் கற்றுத்தரும் வரை தொடவேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள்.