கடலடிச் சிலையைத் தேய்க்கலாமா, விட்டுவிடலாமா? – கேள்வி பதில்

ஃபுளோரிடாவின் கீ லார்கோ கடலில், சுமார் 25 அடி ஆழத்தில், இரண்டு கைகளையும் மேலே விரித்தபடி ஒரு வெண்கல இயேசு நிற்கிறார். 1965இல் இறக்கிய சிலை. இன்று முகத்திலும் கைகளிலும் பவளமும் பாசியும் ஏறிக் கிடக்கின்றன. அதன் படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, பழைய படங்களில் சிலை பளிச்சென்று இருக்கிறது. இப்போது பார்த்தால் பாவமாக இருக்கிறது. டைவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒருநாள் தேய்த்துவிட்டால் என்ன?

மாட்டிக்கொள்வீர்கள். அந்த இடம் ஃபுளோரிடா கீஸ் என்ற தீவுவரிசையின் தேசியக் கடல் சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே பவளத்தை உடைப்பதும் பெயர்ப்பதும் குற்றம். அது உயிரோடு இருந்ததா, செத்துப்போனதா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை.

சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலின் நிலைமையைப் பாருங்கள். 2014இல் மயாமி பக்கம் தலைகாட்டிய ஒரு நோய், பவளத்தின் சதையை உரித்து வெறும் எலும்பாக்கிக்கொண்டே தீவுவரிசை முழுவதும் பரவியது. 2023 ஜூலையில் கரையோரமாக உள்ள மானட்டீ விரிகுடாவில் ஒரு மிதவைக் கருவி 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியது. நம் ஊர் சித்திரை வெயில் தண்ணீருக்குள்ளேயே இறங்கிய கணக்கு. அந்தக் கோடையில் கீஸ் பவளங்கள் கொத்துக்கொத்தாக வெளுத்தன. கீ லார்கோவிலேயே பவளத்தை நாற்றங்காலில் வளர்த்துக் கடலடியில் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் நட்டுக்கொண்டிருக்கும்போது, தானாக வந்து ஒட்டியதை நாம் பிரஷ்ஷோடு போய்ச் சுரண்டுவது என்ன நியாயம்?

வெண்கலம் வீணாகிவிடாதா? விளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் களிம்பு ஏறுகிறதே.

நல்ல கேள்வி. இதில்தான் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். வெண்கலத்தில் உள்ள செம்பு, கடல் உயிர்களின் குஞ்சுகளுக்கு விஷம். அதனால் புதுச் சிலையில் சீக்கிரம் எதுவும் ஒட்டாது. உப்புநீர் பட்டுப்பட்டு மேலே ஒரு களிம்புப் படலம் உருவானதும் செம்பு கசிவது குறையும், அப்புறம்தான் உயிர்கள் குடியேறும். அந்தப் படலம் உலோகத்துக்கு ஒரு கவசமும்கூட. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் கவசம் போய் வெறும் உலோகம் வெளியே வரும், அரிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தேய்த்தாலும் முழுசாகப் போகாது. பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஓட்டுயிரான கொட்டலசின் ஓட்டைப் பெயர்த்துப் பாருங்கள். ஓடு கையோடு வரும், அடித்தட்டு வெள்ளை வளையமாக உலோகத்திலேயே ஒட்டி நிற்கும். அதையும் விடாமல் சுரண்டினால் சிற்பி செதுக்கிய மூக்கும் விரலும்தான் தேயும். புளியெல்லாம் பூஜையறையோடு சரி.

இத்தாலியில் இதே சிலையைச் சுத்தம் செய்கிறார்களே? அங்கே சரி, இங்கே தப்பா?

ஆமாம், அப்படித்தான். மூலச்சிலை அங்கே சான் ஃப்ருத்துவோசோ வளைகுடாவில் இருக்கிறது. குய்தோ கல்லெத்தி செய்தது, 1954இல் சுமார் 17 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினார்கள். 1947இல் டைவிங்கில் இறந்த தாரியோ கொன்சாத்தியின் நினைவு அதில் இருக்கிறது. வருடாவருடம் சடங்கும் நடக்கிறது. அது ஒரு நினைவுச்சின்னம். ஒரு கை உடைந்துபோனபோது 2003இல் வெளியே எடுத்துச் செப்பனிட்டு, 2004இல் திரும்ப இறக்கினார்கள்.

அங்கே ஏறுவது பெரும்பாலும் பாசியும் சில்லறை உயிர்களும். பாறை கட்டும் வெப்பமண்டலப் பவளம் அந்தக் கடலில் இல்லை. சுத்தம் செய்வதும் பொறுப்பில் உள்ளவர்கள் அனுப்பும் பயிற்சி பெற்ற ஆட்கள், போகிற வருகிற டைவர்கள் அல்ல. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் இத்தாலிக்கு டிக்கெட் எடுங்கள்.

கீ லார்கோ சிலையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம்?

வேண்டாம். கடுகு மஞ்சளில், ஓரம் மட்டும் வெளுத்து வழவழவென்று தெரிகிறதே, அது நெருப்புப் பவளம். பெயர்தான் பவளம், உறவுமுறையில் சொறிமீனுக்கு நெருக்கம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய முடிகளால் கொட்டும், தோல் தடித்து எரியும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் அலசி வினிகர் ஊற்றுங்கள்.

மெக்சிகோவின் கான்கூன் நீரடி மியூசியச் சிலைகள்?

அவை பவளம் வளர்வதற்கென்றே அதற்கேற்ற சிமென்ட்டில் வார்த்தவை. அவற்றைத் தேய்ப்பது நாற்றைப் பிடுங்கி வயலைச் சுத்தம் செய்வதுதான்.

சார், மூழ்கிய கப்பல்கள்? செங்கடல் திஸல்கார்முக்குப் போகப்போகிறேன்.

இரும்பு என்றால் இன்னும் கண்டிப்பாகத் தொடாதீர்கள். மேலே படியும் சுண்ணாம்பு ஓடு, ஆக்சிஜன் இரும்பை எட்டாமல் மறித்துத் துருவை மெதுவாக்குகிறது. 1941இல் மூழ்கிய அந்தக் கப்பலுக்குப் பெரிய தொல்லை பவளம் அல்ல. படகுகள் கயிற்றை நேராகக் கப்பலிலேயே கட்டி இழுத்தது, உள்ளே இருந்த சாமான்களை டைவர்கள் சுருட்டியது, இவைதான். உள்ளே நாம் விடும் மூச்சுக்குமிழ்கள் கூரையடியில் தங்கினால் அதுவும் துருவுக்குத் தீனி. ஆகவே உள்ளே நுழைந்தால் வெகுநேரம் நிற்காதீர்கள். படகை முன்பதிவு செய்யும்போது கயிற்றை எதில் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு படகு பாருங்கள்.

அண்ணா, மட்டக்களப்பில் இருந்து கேட்கிறேன். ஹெர்மிஸ் கப்பலில் வலைகள் சிக்கிக் கிடந்தால் அதையும் அப்படியே விடுவதா?

வலை வேறு கதை. இத்தாலிச் சிலையை விட்டால், சுத்தம் என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே வேலை அதுதான். சிக்கிய நைலான் வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும், டைவரையும் மாட்டிவைக்கும். ஆனால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவர்களுக்கு எல்லை 40 மீட்டர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் 300க்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள், அது அவர்களுடைய கல்லறை. அந்த ஆழத்துக்குப் பயிற்சி பெற்ற குழு, உரிய அனுமதியோடு இறங்கினால் மட்டும் வலையில் கைவைக்கலாம்.

ஆழம் குறைந்த இடங்களில் என்றாலும் தனியாகப் போகாதீர்கள். வலையை இழுக்காதீர்கள், இழுத்தால் பவளமும் சேர்ந்து பெயரும். கத்தரியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பவளம் வலையைச் சுற்றி வளர்ந்து விழுங்கிவிட்டிருந்தால், வெளியே தொங்குவதை மட்டும் வெட்டிவிட்டு உள்ளே போனதை விட்டுவிடுங்கள்.